ஒரு தரம் கத்தினால் போதும்

கம்ப்யூட்டர் கட்டித் தரச் சொல்லிக் கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது புரொசசரைப் பற்றித்தான். நான் முதலில் கேட்டது வேறு. "உங்க வீட்டுல பொழுதுபட்டா பல்ப் எப்படி எரியுது?" என்பேன். சிலர் சிரிப்பார்கள். சிலர் என்னைத் தாண்டி முதலாளியைப் பார்ப்பார்கள். முதலாளி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "கேட்டதுக்குச் செல்லுங்களேன்" என்பார். அவர் பேச்சில் சொல்லு செல்லு ஆகும், இருக்கு ஈக்கு ஆகும்.

கண்டியைச் சுற்றி மலைதான். கரண்டுக் கம்பி மலை ஏறி, இறங்கி, கடைசி வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் களைத்துப் போகும். சாயங்காலம் எல்லா வீட்டிலும் லைட்டைப் போட்டதும் பல்ப் முட்டை மஞ்சள் மாதிரி ஆகிவிடும். எப்பேர்ப்பட்ட புரொசசரைப் போட்டாலும் அந்தக் கரண்டில்தான் அது உயிர் வாழ வேண்டும். அதனால் நான் கட்டிய எந்தப் பெட்டிக்கும் முதலில் தெரிந்தெடுத்த சாமான் பவர் சப்ளை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இப்போது கடையை முதலாளியின் மகள் ரிஸ்னா நடத்துகிறாள். அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் ஃபோனில் ஒரு பக்கத்தைத் திறந்து, இந்த மதர்போட்டுக்கு இந்த ரேம், இந்தக் கேசிங்குக்கு இந்த ஃபேன் என்று தட்டுகிறார்கள். பொருந்தாவிட்டால் சிவப்பில் எழுத்து வருகிறது. பொருந்தினால் சாமான் வாசலுக்கே வந்துவிடுகிறது. நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ரிஸ்னாதான் கேட்டாள். "மாமி, ஃபோனும் இல்லாம நீங்க எப்பிடித் தெரிஞ்செடுத்தீங்கண்டு எழுதித் தாங்களேன். இவங்க நம்புறாங்க இல்ல" என்றாள். எழுத்து எனக்குக் குறைவு. மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டேன். ஆனாலும் கூட்டிக் கூட்டி எழுதியது நான்தான். பிழை இருந்தால் ரிஸ்னா திருத்தட்டும். சொன்னதை மாற்ற வேண்டாம்.

என் பெயர் பாக்கியம். பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் கண்டி மஹய்யாவையில். வீட்டுக்காரர் நகரசபையில் வேலை. நான் குமரியாக இருந்தபோதே டவுனில் ஒரு ரேடியோ திருத்துகிற கடையில் சேர்ந்து, கொயில் சுற்றவும் ஈயம் வைக்கவும் பழகினேன். கடைக்காரர் நம் ஆள். தமிழர் கடைகளை எரித்த கலவரத்தில் அதையும் கொளுத்திவிட்டார்கள். ஊர் அடங்கிய பிறகு போய்ப் பார்த்தோம். ரேடியோக்கள் உருகித் தார் மாதிரி தரையில் ஒட்டிக் கிடந்தன. ட்ரான்ஸ்போமர்கள் மட்டும் கட்டியாக, கறுப்பாக, இருந்த இடத்தில் இருந்தன. ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். பழைய பாரம் அப்படியே இருந்தது. கடைக்காரர் அதோடு இந்தியாவுக்குப் போய்விட்டார். எனக்குப் பாரமான சாமான் மேல் அன்றைக்கு ஒரு மரியாதை வந்தது. இன்னும் போகவில்லை.

பிறகு மடவளை ரஸீன் முதலாளியின் கடை. டேப் ரெக்கோடர், டிவி, அப்புறம் கம்ப்யூட்டர் என்று காலம் மாற மாற நாங்களும் மாறினோம்.

ரஸீன் முதலாளி கோபத்தில் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம். இல்லை என்று சொல்லவும் அவருக்கு வராது. "பாப்போமே" என்பார். அப்படிச் சொன்னால் இல்லை என்று அர்த்தம். பொய் மட்டும் அவர் வாயில் வராது. கெட்டுப்போன சாமானைக்கூட நல்லது என்று சொல்லி விற்கத் தெரியாத வியாபாரி.

கடையின் பின்பக்கம் ஒரு இரும்புத் தண்ணீர்க் குழாய் இருந்தது. முதலாளி தொழுகைக்குக் கை கால் கழுவுவதும் அதில்தான். மதர்போட்டைத் தொடப் போகிற யாராக இருந்தாலும் முதலில் அந்தக் குழாயைத் தொட்டுவிட்டு வர வேண்டும். உடம்பில் நிற்கிற கரண்ட் இரும்பு வழியாக மண்ணுக்குப் போய்விடும். தொடாமல் கை வைத்தால், கண்ணுக்குத் தெரியாத பொறி ஒன்று பாய்ந்து புதுச் சாமானைக் கொன்றுவிடும். "பைப்பைத் தொட்டியா?" இது எங்கள் கடையில் குட்மோர்னிங் மாதிரி. பேராதனை ஆஸ்பத்திரிப் பெரிய டொக்டர் ஒருவர் தன் கம்ப்யூட்டருக்குள் விரலை நீட்டினார். முதலாளி எழுந்து அவர் முழங்கையைப் பிடித்து, மரியாதையாகக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். டொக்டரும் தொட்டுவிட்டு வந்தார்.

கொழும்புக்குப் போய்ச் சாமான் எடுப்பது முதலில் முதலாளியின் வேலை. அவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்ட பிறகு நான் தனியாகப் போனேன். பம்பலப்பிட்டியில் கம்ப்யூட்டர் சாமான் கடைகள் அடுக்கடுக்காக இருக்கும்.

பவர் சப்ளையை இரண்டு கையிலும் ஏந்திப் பார்ப்பேன். லேசாக இருந்தால் உள்ளே செம்பும் இரும்பும் குறைவு, வைத்துவிடுவேன். பாரமாக இருந்தால் வயரைத் தடவுவேன், தடித்த வயர் வேண்டும். பின்பக்கச் சல்லடை வழியாக டோர்ச் அடித்துக் கொயிலின் பருமனைப் பார்ப்பேன். மூக்குக்கிட்டே பிடிப்பேன். ஒருமுறை சூடேறி அடங்கிய சாமானுக்கு ஒரு நாற்றம் உண்டு. ரேம் என்றால் தங்க நிறத்துப் பல்லில் கீறல் இருக்கக் கூடாது. கீறல் இருந்தால் யாரோ பூட்டிக் கழற்றியது. மதர்போட்டில் நிற்கிற சின்னச் சின்ன உருளைகளின் தலை தட்டையாக இருக்க வேண்டும், ஒன்று புடைத்திருந்தாலும் வேண்டாம். அதில் எழுதியிருக்கிற இங்கிலீஷை நான் படிக்கிறதில்லை. ஆளை முகம் பார்த்துத் தெரிந்துகொள்கிற மாதிரி எழுத்தின் உருவத்தைத் தெரிந்துவைத்திருந்தேன்.

இவ்வளவும் பார்த்த பிறகும் காசைக் கொடுக்க மாட்டேன். கடைக்காரனின் மேசையில் அட்டைப் பெட்டி மூடியை விரித்து, கேசிங் இல்லாமலே எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பூட்டுவேன். பழைய கேசிங் ஒன்றிலிருந்து கழற்றிய சின்ன ஸ்பீக்கர் ஒன்று எப்போதும் என் பர்ஸில் இருக்கும். காசளவுதான், இரண்டு மெல்லிய வயர். கடையில் அதற்கு விசில் என்று பெயர். அதைச் செருகி, சுவிட்சுக்குப் பதிலாக மதர்போட்டில் இருக்கிற இரண்டு ஊசிகளை என் கொண்டை ஊசியால் தொடுவேன். உயிர் வந்தால் கத்தும். ஒரு தரம் கத்தினால் எல்லாரும் சௌக்கியம். நீட்டி நீட்டிக் கத்தினால் ரேமில் குறை. கத்தாமலே இருந்தால் சாமானைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த கடைக்குப் போவேன். சேர்ந்து வாழப் போகிறவர்களை ஒரு தரமாவது சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டாமா?

இனி சிவமலரின் பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒரு மழை நாளில் குடையை மடக்கியபடி வாசலிலேயே நின்றாள். முப்பது வயதிருக்கும். "அக்கா, கம்ப்யூட்டர் ஒண்டு வேணும். கெதியா வேணும்" என்று அவசரப்பட்டாள். யாழ்ப்பாணம். பேராதனையில் பெரிய படிப்பு படிக்கிறாள். மகாவலி ஆற்று மீன்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

"மீனைப் பத்தி அவ்வளவு எழுத என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"அதைத்தான் அக்கா என்ர அம்மாவும் கேக்கிறவ" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. படிக்கிற இடத்துப் பொது மெஷினில் எழுதி வைத்ததெல்லாம் கரண்ட் போய்ப் போய் வந்ததில் அழிந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும். சொன்ன தவணைக்குள் கொடுக்காவிட்டால் படிப்பு நின்றுவிடும். "படிப்பு நிண்டால் கண்டியில இருக்கிறதுக்கு எனக்குக் காரணம் இல்லை. காரணம் இல்லாமல் நான் இஞ்ச இருக்கேலாது. திரும்பிப் போறதுக்குப் பாதையும் இல்லை" என்றாள்.

அது எனக்கு விளங்கியது. யுத்தத்தில் வடக்குப் பாதை மூடிக் கிடந்த அந்த நேரத்தில் யாழ்ப்பாணத்து ஆள் ஒருவர் கண்டியில் ஒரு அறையில் இருந்தால், ஏன் இருக்கிறாய் என்று பொலிஸ் கேட்கும். பதில் கடதாசியில் இருக்க வேண்டும். அந்த வாரம்தான் லொட்ஜுகளில் தேடுதல் போட்டு, பதில் சரியில்லாதவர்களை லொறியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

கையில் இருக்கிற காசு இவ்வளவுதான் என்று சொன்னாள். நான் மனதுக்குள் சாமானைப் பிரித்தேன். புரொசசரை ஒரு படி குறைத்தேன். பாட்டுக் கேட்கிற சாமானை எடுத்தெறிந்தேன். மிச்சத்தைப் பவர் சப்ளையிலும் ரேமிலும் போட்டேன். ப்ளொப்பி ட்ரைவ் பழையதாக இருந்தால் போதும் என்றேன். அதற்கு மட்டும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"இல்லை அக்கா, அது புதுசா வேணும். ஒருக்காப் போனது போதும். இனி எழுதிறதை ஒவ்வொரு நாளும் கையில கொண்டுபோவன்."

அதில் அவள் சொன்னதுதான் சரி. நான் அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை.

முதலாளிக்கு மனம் கேட்கவில்லை. "பவர் சப்ளைய சாதாரணமாப் போட்டா, புள்ளக்கி புரொசசர் ஒரு படி கூட எடுக்கேலுமே, பாக்கியம்?"

"பாரமில்லாததை நான் பூட்ட மாட்டேன் முதலாளி. அப்புறம் மூணு மாசத்துல அழுதுகிட்டு வந்து நிக்கும்."

"பாப்போமே" என்றார். கண்ணாடியைக் கொஞ்ச நேரம் துடைத்தார். பிறகு அவரே, "சரி, ஒன் இஷ்டம்" என்றார். அவர் 'பாப்போமே'க்குப் பிறகு சரி சொன்னது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான்.

விடிய பஸ் ஏறினேன். கொழும்புக் கடைப் பையன் ஒரு பவர் சப்ளையைக் கொடுத்தான், வைத்தேன். இன்னொன்றைக் கொடுத்தான், அதையும் வைத்தேன். அவனுக்குச் சலித்துவிட்டது. "என்ன அக்கா, கோழி வாங்க வந்தீங்களா? தூக்கித் தூக்கிப் பாக்குறீங்க" என்றான்.

"கோழின்னா சத்தம் போடும் தம்பி. இதுவும் சத்தம் போட்டுக் காட்டட்டும், வாங்கிக்கிறேன்" என்றேன்.

அலுமாரியின் அடித்தட்டிலிருந்து ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தான். தூக்குகிறபோதே தெரிந்துவிட்டது. எல்லாவற்றையும் மேசையில் பூட்டி, கொண்டை ஊசியால் தொட்டேன். ஒரு தரம் கத்தியது. கழற்றிப் பொதி செய்து, உரப்பை ஒன்றில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். கேசிங்கும் மொனிட்டரும் கடையில் இருந்தன, அவற்றைச் சுமக்க வேண்டி வரவில்லை.

மலை ஏறுவதற்கு முன்னால் ஒரு செக்பொயின்ட். எல்லாரும் பையோடு இறங்கி வரிசையில் நின்றோம். பொம்பளைப் பொலிஸ் என் உரப்பையைத் திறந்தாள். அவள் பார்த்ததை அவள் கண்ணால் இப்போது நானும் பார்க்கிறேன். பாரமான இரும்புப் பெட்டி. அதிலிருந்து கலர் கலராக வயர். பச்சைத் தகடு, அதன் நடுவில் காசு மாதிரி பட்டரி. பர்ஸுக்குள் வயரோடு வட்டமாக ஒரு சாமான். அவள் கையை எடுத்துவிட்டு, குண்டு என்று கத்தினாள். வரிசையில் என் முன்னாலும் பின்னாலும் நின்றவர்கள் ஒரு நொடியில் காணாமல் போய்விட்டார்கள். பஸ்ஸும் போய்விட்டது.

தகரக் கூரை போட்ட ஒரு அறை. வாசலில் மண் மூட்டை. மேசைக்குப் பின்னால் வயதான இன்ஸ்பெக்டர் ஒருவர். தலைக்கு மேல் ஒரு ஃபேன், எண்ணலாம் போல மெதுவாகச் சுற்றியது. அறை இருட்டு என்பதால் பகலிலும் பல்ப் எரிந்தது. முட்டை மஞ்சள். நான் முதலில் பார்த்தது அதைத்தான். எங்கேயோ தள்ளியிருக்கிற வீட்டிலிருந்து வயர் இழுத்திருக்கிறார்கள் என்று புரிந்தது.

பேச்செல்லாம் சிங்களத்தில், ஐயா என்பதற்கு மாத்தயா. மஹய்யாவையில் வளர்ந்தவளுக்குச் சிங்களம் சோறு மாதிரி.

"என்ன இது?"

"கம்ப்யூட்டர், மாத்தயா."

"எங்கே கம்ப்யூட்டர்? எனக்குக் கம்பியும் பெட்டியும்தான் தெரியுது."

"பூட்டினா கம்ப்யூட்டர்."

அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேலை செய்ற கடைக்கு வாங்கின சாமான்னு சொல்ற. கடைக்குன்னா பத்து இருவது வாங்குவாங்க. இது ஒரு ஆளுக்கு வாங்கினது. யாருக்கு?"

அந்த இடத்தில் நான் நின்றேன். சிவமலரின் பெயரைச் சொன்னால் அவள் தங்கியிருக்கிற அறைக்கு இன்றைக்கே ஆள் போகும். யாழ்ப்பாணத்துப் பெயர், தனி அறை, கொழும்பிலிருந்து வயரும் பட்டரியும். அதற்கு மேல் அவர்களுக்கு வேறு ஒன்றும் வேண்டாம். தெரியாது என்று சொன்னால் கடைக்கு ஃபோன் எடுத்து முதலாளியைக் கேட்பார்கள். முதலாளிக்குப் பொய் வராது.

"எனக்கு" என்றேன்.

"உனக்கா? எதுவரைக்கும் படிச்சிருக்க?"

"மூணாம் வகுப்பு."

கதவோரம் நின்ற இளம் பொலிஸ்காரன் சிரித்துவிட்டான். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "மூணாம் வகுப்புப் படிச்சவளுக்குக் கம்ப்யூட்டர் எதுக்கு?"

"ஊருக்கெல்லாம் வீடு கட்டுற மேசன் தனக்கொரு வீடு கட்டக் கூடாதா, மாத்தயா?"

அவர் கடை நம்பரைக் கேட்டு ஃபோனை எடுத்தார். முதலாளியிடம் அவர் கேட்டது எனக்குக் கேட்டது. பாக்கியம் என்று ஒரு பொம்பளை உன் கடையில் இருக்கிறாளா, கம்ப்யூட்டர் சாமானோடு நிற்கிறாள், தனக்கு என்கிறாள், உண்மையா? மறுபக்கம் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. முதலாளி கண்ணாடியைத் துடைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு என்னவோ சொன்னார். இன்ஸ்பெக்டர் ஃபோனை வைத்தார்.

"உன் முதலாளி சொல்றான், அந்தக் கடையில கம்ப்யூட்டர் பூட்டுறது நீதானாம். நீ உன்னோடதுன்னு சொன்னா உன்னோடதுதானாம்." கதிரையில் சாய்ந்தார். "சரி. அப்போ பூட்டு. நான் பாக்கிறேன்."

"முதல்ல தண்ணிப் பைப்பைத் தொடணும்."

"எதுக்கு?"

"கையில இருக்கிற கரண்ட் போகணும்."

துவக்கோடு இளம் பொலிஸ்காரன் என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனான். இரும்புக் குழாய்தான், நல்ல காலம். தொட்டேன். அவன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத் தானும் தொட்டான். "எனக்கு ஒண்ணும் தெரியல்லையே அக்கே" என்றான். "தெரியாது. அதுதான் அது" என்றேன்.

மேசையில் அட்டை மூடியை விரித்தேன். ஸ்குரூ ட்ரைவரை அவர்கள் பறித்து வைத்திருந்தார்கள். பரவாயில்லை, கை போதும். புரொசசரின் மூலையைப் பார்த்து வைத்து, கொக்கியை அழுத்தினேன். அதன் மேல் ஃபேன். ரேமை இரண்டு பெருவிரலாலும் அமுக்கினேன், இரண்டு பக்கமும் டக் என்றது. அந்தச் சத்தத்துக்கே வாசலில் ஒருவன் பின்வாங்கினான். பவர் சப்ளையைத் தூக்கி வைத்தபோது இன்ஸ்பெக்டர் முன்னால் குனிந்தார்.

"இது ஏன் இவ்வளவு பாரம்? உள்ளே என்ன?"

"செம்பும் இரும்பும் மாத்தயா. பாரமில்லாததும் விக்கிறாங்க. அதை வாங்கியிருந்தா உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்காது. ஆனா இந்தக் கரண்டுல அது எழும்பாது."

விசிலைச் செருகினேன். தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவினேன்.

"மாத்தயா, இப்ப இது ஒரு தரம் கத்தும். யாரும் பயப்படக் கூடாது."

"கத்தாட்டி?"

"கத்தாட்டி நான் பொய்க்காரி."

பொலிஸ்காரர்கள் மண் மூட்டைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். இன்ஸ்பெக்டர் எழுந்திருக்கவில்லை, ஆனால் கதிரையைச் சுவரோரமாக நகர்த்திக்கொண்டார்.

ப்ளக்கைப் போட்டு ஊசியால் தொட்டேன். பவர் சப்ளையின் ஃபேன் ஒரு துடி துடித்து, அரைச் சுற்றுச் சுற்றி, நின்றுவிட்டது.

விசில் கத்தவில்லை. இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் பல்பைப் பார்த்தேன். சாமானில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. நான் தெரிந்தெடுத்தது. காலையில்தான் என் கண் முன்னால் கத்தியது.

"ஃபேனை நிப்பாட்டச் சொல்லுங்க. லைட்டையும்" என்றேன்.

"இருட்டிலேயா?"

"அதுக்கு வேண்டியதை மேல இருக்கிறது குடிக்குது, மாத்தயா."

யோசித்தார். பிறகு கையைக் காட்டினார். யாரோ வெளியிலிருந்து எட்டி சுவிட்சைத் தட்டினார்கள். ஃபேன் நின்றது. பல்ப் அணைந்தது. கதவு வெளிச்சத்தில் அந்த இரண்டு ஊசிகளைத் தேடி மறுபடி தொட்டேன்.

பெட்டிக்குள் ஃபேன் மெல்ல எழும்பியது. தயங்கியது. பிறகு பிடித்துக்கொண்டு, ஒரே சீராக இரைந்தது. புரொசசரின் ஃபேன் சுற்றியது. ஒரு மூச்சு விடுகிற நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் விசில் கத்தியது. சின்னதாக, ஒரே ஒரு தரம்.

மண் மூட்டைக்குப் பின்னால் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் இன்னொரு சத்தத்துக்காகக் காத்திருந்தார். வரவில்லை.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் மாத்தயா. சௌக்கியமா இருக்குன்னு சொல்லியாச்சு. இனி மொனிட்டரும் கீபோட்டும் குடுத்தா மிச்சத்தைப் பேசும்."

என் விலாசத்தை எழுதிக்கொண்டார். "உன் ஊர்ப் பொலிஸ் வீட்டுக்கு வந்து பாக்கும். இது அங்கே இருக்கணும். இல்லாட்டி உன்னையும் உன் முதலாளியையும் தேடி வருவேன்" என்றார். அடுத்து வந்த கண்டி பஸ்ஸை மறித்து என்னை ஏற்றிவிட்டது, குழாயைத் தொட்ட பொலிஸ்காரன்தான்.

மறுநாள் காலை கடையில் முதலாளி எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். "நான் பொய் செல்லல்ல" என்றார், நான் கேட்பதற்கு முன்னாலேயே.

"தெரியும் முதலாளி."

"ஒன்ட பெட்டிண்டு நீ செல்லிட்டாய். நானும் செல்லிட்டேன். இப்ப அது ஒன் ஊட்டுலதான் ஈக்கணும். பொலிஸ் எப்ப வந்து பாத்தாலும் அங்க ஈக்கணும்."

சிவமலர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். "எனக்காகவோ அக்கா பொலிஸில நிண்டனீங்கள்?"

"உன் பேரைச் சொன்னா சாமானைப் புடிச்சு வச்சிருப்பாங்க. அவ்வளவு கஷ்டப்பட்டுப் பொறுக்கின சாமானை நான் விடுவேனா?" என்றேன். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா தெரியாது. "நீ வீட்டுக்கு வந்து எழுது. யாரு கேட்டாலும் பெட்டி என்னுது."

அப்படித்தான் எங்கள் இரண்டு அறை வீட்டில் ஜன்னலோரம் கம்ப்யூட்டர் ஏறியது. வீட்டுக்காரர் முணுமுணுத்தார். "சாமி படம் வைக்க இடமில்ல, இது ஒண்ணுதான் கொறச்சல்" என்றார். பிறகு அவரே அதன் மேல் போர்த்த ஒரு துணியைக் கொண்டுவந்து கொடுத்தார். சிவமலர் பகலில் வருவாள். நான் கடைக்குப் போயிருக்கிற நேரமும் அவள் எழுதினாள். சாயங்காலம் பல்ப் மஞ்சளாகும், பெட்டி தன் பாட்டுக்கு ஓடும். அவள் ஒரு தரம்கூட எழுதியதை இழக்கவில்லை. போகிறபோது ப்ளொப்பியை உடுப்புக்குள் வைத்துக்கொண்டு போவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் வீட்டில் இருந்தேன். எங்கள் லைன் வீட்டு வரிசைக் கோடியிலிருந்து பக்கத்து வீட்டுக்காரி குரல் கொடுத்தாள். "பாக்கியக்கா! உங்க வீட்டைத்தான் கேட்டுகிட்டு வருது, காக்கி!"

சிவமலர் எழுதியதைச் சேமித்து மூடிவிட்டு, சீட்டு விளையாட்டைத் திறந்து வைத்தாள். வாளியை எடுத்துக்கொண்டு பின்வாசலால் பொதுக் குழாயடிக்குப் போய், தண்ணீர் பிடிக்கிற பொம்பளைகளோடு வரிசையில் நின்றுவிட்டாள். நான் கதிரையில் உட்கார்ந்து மௌஸைப் பிடித்தேன். கம்ப்யூட்டரைக் கட்டத் தெரியுமே தவிர, அதை வைத்து நான் செய்யப் பழகியது அந்தச் சீட்டு ஒன்றுதான்.

கொன்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தார். பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். "இதை வச்சு என்ன செய்ற?"

"சீட்டு விளையாடுறேன், மாத்தயா."

"இவ்வளவு பாடுபட்டு வாங்கி, சீட்டா?"

"ஆம்பளைங்க குளத்தடியில உக்காந்து விளையாடலாம். நாங்க எங்க போறது?"

அவர் சிரித்தார். என் தோளுக்கு மேலால் பார்த்தார். "அந்தச் சிவப்பு எட்டை எடுத்துக் கறுப்பு ஒன்பதுக்கு மேல போடு" என்றார். போட்டேன். "இப்ப கீழே இருக்கிற சீட்டைத் திருப்பு." திருப்பினேன். அந்த ஆட்டம் முடியும் வரைக்கும் போகவில்லை. முடிந்ததும் பெருமூச்சு விட்டு, "உன்னுடையதுதான்" என்று சொல்லிவிட்டு, ஒரு தேத்தண்ணீரையும் குடித்துவிட்டுப் போனார். குழாயடியில் சிவமலர் தன் முறை வர வரப் பின்னால் போய்ப் போய் நின்றிருக்கிறாள்.

தவணைக்கு முன்னால் அவள் மீன் புத்தகத்தைக் கொடுத்துவிட்டாள். படிப்பு பாஸ். பிறகு பேராதனையிலேயே கொஞ்ச காலம் படிப்பித்தாள். பெட்டி அவளுக்காக என் வீட்டிலேயே இருந்தது. பொலிஸ் மறுபடி வரவில்லை.

வடக்குக்குப் பாதை திறந்தபோது அவளுக்கு யாழ்ப்பாணத்தில் வேலை கிடைத்தது. விடைபெற வந்தாள். "பெட்டி உங்களோடயே இருக்கட்டும் அக்கா. உங்கட பேரிலதானே பொலிஸில கிடக்கு" என்றாள்.

"விசர் கதை பேசாத" என்றேன், அவள் பாஷையிலேயே. "உனக்குன்னு பொறுக்கினது. உன் ஊர்க் கரண்ட் எப்படின்னு எனக்குத் தெரியாது, ஆனா இதைவிட மோசமாத்தான் இருக்கும்." அவள் கையாலேயே ஒரு தரம் பூட்ட வைத்துப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் கழற்றித் துணியில் சுற்றினேன். என் விசிலையும் ஒரு கொண்டை ஊசியையும் கூட வைத்தேன். "வழியில கேப்பாங்க. யாருதுன்னு கேட்டா, உன்னுதுன்னு சொல்லு. இப்ப அது பொய்யில்ல."

அவள் போய் மூன்றாம் நாள் கடைக்கு ஃபோன் வந்தது. முதலாளி எடுத்துக் கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினார். இரைச்சலுக்கு நடுவில் அவள் குரல்.

"அக்கா, மறிச்சவங்கள். ஆர்ர சாமான் எண்டு கேட்டவங்கள். என்ர எண்டு சொன்னனான். நம்பேல்லை. பூட்டிக் காட்டச் சொன்னவங்கள்."

"பைப்பைத் தொட்டியா?"

"ஓம் அக்கா."

"பூட்டினியா?"

"பூட்டினனான்."

"எத்தனை தரம் கத்துச்சு?"

"ஒரு தரம்" என்றாள் சிவமலர்.